செய்கூலி உண்டு, சேதாரம் கிடையாது

“தங்கமா, கவரிங்கா?”

கைவினைக் கண்காட்சியில் மேசை போட்டு உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். “ரெண்டும் இல்லக்கா, காலண்டர்” என்றதும் எடுத்த தோட்டைப் பட்டென்று கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “எந்த வருசத்துக் காலண்டர்?” என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்தை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய அட்டை, காகிதம், வெட்டுத்துணி, நானே வரைந்த படங்கள் இவற்றில் தோடும் மாலையும் செய்கிறேன். இதை ஏதோ வெளிநாட்டிலிருந்து இறங்கிய ஃபேஷன் என்று நினைக்கிறார்கள். யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே என்று கேட்கிறார்கள். சில நுணுக்கங்களை அப்படித்தான் கற்றேன், மறுக்கவில்லை. ஆனால் பொன்னில்லாத நகை நம்ம பக்கத்துக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குப் பொறுக்காது. அதற்காகத்தான் இந்த நீளமான பதிவு.

எங்கள் பக்கம் நகை என்றால் முதலில் பாதுகாப்பு, அழகெல்லாம் அப்புறம். உரம் வாங்க, பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று அம்மாவின் கம்மல் கழன்று அடகுக்கடைக்குப் போகும். கழற்றிய காது தூர்ந்துவிடக் கூடாதே என்று ஓட்டையில் வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்குச்சியோ ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். காதில் ஈர்க்குச்சியோடு ஒரு பெண் குழாயடிக்கு வந்தால், கம்மல் எங்கே போயிருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தெருவுக்கே தெரிந்துவிடும்.

தண்டட்டியும் பாம்படமும் போட்ட கிழவிகளை என் வயசுக்காரர்கள் நேரிலேயே பார்த்திருப்போம். காது வளர்த்துத் தோளில் இடிக்கும். முழுக்கத் தங்கம் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். மெல்லிய பொன்தகட்டில் உருண்டை, சதுரம், கூம்பு என்று வடிவம் கட்டி, உள்ளே அரக்கை நிரப்பிய வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது. இன்று டிசைன் கல்லூரியில் ‘ஜியோமெட்ரிக்’ என்று கொண்டாடும் வடிவத்தைக் காதில் மாட்டிக்கொண்டுதான் அந்தக் கிழவிகள் பருத்திக் காட்டில் களை எடுத்தார்கள். கொஞ்சம் பொன்னும் நிறையக் கைவேலையும் சேர்ந்த நகை. இப்போதெல்லாம் அவற்றை அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்க்க முடிகிறது. பெரும்பாலானவை எந்தப் பேத்தியின் கல்யாணத்துக்கு நெக்லஸாக உருகினவோ.

பிள்ளைகளின் நகைக்கடை வேறு. கண்மாயில் பறித்த அல்லித் தண்டை விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, ஒரு பக்கத் தோல் அறாமல் இழுத்துவிட வேண்டும். அடுத்த ஒடிப்பு எதிர்ப்பக்கம். மாறி மாறி ஒடித்துக்கொண்டே போனால் தண்டு இரண்டு சரமாகப் பிரிந்து, பச்சை மணி கோத்தது போலத் தொங்கும், நுனியில் பூவே பதக்கம். கழுத்தில் போட்டால் சில்லென்று ஈரம் இறங்கும். உடைந்த கண்ணாடி வளையலுக்கும் ஒரு வேலை இருந்தது. துண்டை மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டினால் இளகும். இளகின நொடியில் வளைத்து, இன்னொரு துண்டுக்குள் நுழைத்து மூடினால் ஒரு கண்ணி. அப்படியே கோத்துக்கொண்டு போய் வாசல்காலில் தோரணமாக மாட்டிய வீடுகள் ஊரெல்லாம் இருந்தன. கையைச் சுட்டுக்கொள்ளாமல் அந்தத் தோரணத்தை முடித்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது. மறுசுழற்சி என்ற பேச்செல்லாம் அப்போது காதில் விழுந்ததில்லை.

இதற்கெல்லாம் சிகரம் அரை மணி நேரப் பஸ் தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கோபுரத்தைப் பற்றியும் பால்கோவாவைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஆண்டாளின் இடக்கைக் கிளியைப் பார்க்கத்தான் போவேன்.

அந்தக் கிளி நேற்று இருந்தது இல்லை. நாளைக்கும் இருக்காது. தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ. உடம்புக்கு மரவள்ளி இலை. சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும். கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட வாழைநார். ஆணி இல்லை, பசை இல்லை. பரம்பரையாக ஒரு குடும்பம் இதைச் செய்துவருகிறது, ஒரு கிளிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். சாற்றிக் களைந்த கிளி பக்தர் ஒருவர் கைக்குப் போய்விடும்.

என் மாதிரி ஆளுக்கு அந்தப் பட்டியலில் பக்தியோடு கூடவே ஒரு தொழில் பாடமும் தெரிகிறது. மாதுளம்பூவின் காம்புப் பக்கம் தடித்து, சிவந்து, வழவழப்பாக இருக்கும். அலகுக்கு அதைவிடப் பொருத்தமான பொருளைக் கடையில் தேடினாலும் கிடைக்காது. மரவள்ளி இலை விரல்விரலாகப் பிரிந்தது, மடித்தால் சட்டென்று முறியாது. நார் காயக் காய இறுகும். எந்தப் பொருளுக்கு எந்த உறுப்பு என்று யோசித்தவன் யாராக இருந்தாலும் அவன் பெரிய டிசைனர். கழுத்து நிறையப் பொன்னும் கல்லும் சாற்றியிருந்தாலும், ஊரார் கண் முதலில் போவது இலையில் செய்த அந்தக் கிளிக்குத்தான். அதை யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை.

அந்தக் கோயிலுக்குள்ளேயே கண்ணாடிக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையைத் தான் போட்டுக்கொண்டு கோதை அழகு பார்த்த கிணறாம். பூமாலையைப் போட்டுப் பார்த்து ஆசைப்பட்ட பெண்ணைச் சாமியாகக் கும்பிடுகிற ஊரில் நின்றுகொண்டு, காகிதமா என்று என்னிடம் முகம் சுளித்தால் எப்படி?

சரி, என் காகிதத்துக்கு வருகிறேன்.

பக்கத்து ஊர் சிவகாசி. தமிழ்நாட்டுச் சுவர்களில் பாதிக்குமேல் காலண்டர் சப்ளை செய்கிற ஊர் என்றால் மிகையில்லை. ஜனவரி பிறந்ததும் வீட்டுக்கு நாலு பழைய அட்டை மிஞ்சும். கிழித்த தினத்தாள்கள் கணக்குப்போடவும் வடை எண்ணெய் ஒற்றவும் போகும். படம் உள்ள அட்டைதான் சிக்கல். சாமி படம், குப்பையில் போட மனசு வராது. மாட்ட இடமும் இருக்காது. கடைசியில் ஏதாவது கோயில் மரத்தடியில் சாத்தி வைத்துவிட்டு வருவார்கள், மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் படங்களின் பரம்பரையும் எங்கள் பக்கத்ததுதான். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்தவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவரும் அவர் சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு வீடாகப் போனார்கள். எங்கள் தாத்தா காலத்து மனிதர்களுக்குச் சரஸ்வதி என்றதும் மனதில் வரும் முகம் கோவில்பட்டியில் வரைந்த முகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சாமி முகத்தில் கத்தரி வைக்க மாட்டேன். இது என் மாமியார் போட்ட கட்டளை, எனக்கும் சம்மதம்தான். ஆனால் அந்த மரபில் வந்த படங்களில் சாமிக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நீல மலை, ஏரி, அன்னம், மான், சுருண்டு விழும் பட்டுத் திரை, தங்க விளிம்பு. நாடகப் படுதா எழுதிய கையின் மிச்சம் அத்தனையும். சாமியைச் சுற்றி நிதானமாக வெட்டி எடுத்து அதை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டு, பின்னணியை நான் எடுத்துக்கொள்கிறேன். என் மாலைகளில் பாதி அந்த ஏரி நீலமும் திரைச் சிவப்பும்தான்.

மணி உருட்டுவது சுலபம், நன்றாக உருட்டுவது சுலபமில்லை. காகிதத்தை நீள முக்கோணமாக வெட்ட வேண்டும். அடிப்பக்கம் ஒரு அங்குலம், நீளம் எட்டிலிருந்து பத்து அங்குலம். அகலமான பக்கத்தை ஈர்க்குச்சியில் சுற்ற ஆரம்பித்து, முதல் சுற்றுக்கு அப்புறம்தான் பசை வைக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வராது. முனை நடுவில் வந்து முடிந்தால் நடு புடைத்த மணி கிடைக்கும். ஒரு நூல் தள்ளினாலும் கோணல். காலண்டர் படத்தின் ஆர்ட் பேப்பர் விறைப்பானது, இறுக்கிச் சுற்றினால் மேல்பூச்சு வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஸ்கேல் விளிம்பில் ஒரு தடவை இழுத்து வளைத்துவிட்டு அப்புறம் சுற்றுவேன். தினத்தாள் அப்படி இல்லை, சொன்னபடி கேட்கும். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்த எழுத்து மேலே வரும் என்று நமக்கே தெரியாது. “அக்கா, இந்த மணியில ‘சூலம் மேற்கு’ன்னு போட்டிருக்கு, பரிகாரம் வெல்லமா?” என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டுவிட்டு, ராகுகாலம் தெரிகிற மணியாகத் தேடித் தேடிப் பொறுக்கினாள்.

உகாண்டாவில் பெண்கள் பழைய பத்திரிகைத் தாளில் இதே முக்கோணத்தை உருட்டி மாலையாக ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த மாலையையும் என் மாலையையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தை வைத்துத்தான் வேறுபாடு சொல்ல முடியும். கை ஒன்றுதான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கோ இது கூடுதல் சுலபம். தீப்பெட்டி ஒட்டி, கட்டுக்கு இத்தனை என்று கூலி வாங்கிய குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எங்கள் தெரு அவ்வா ஒருவர் என் மேசையில் உட்கார்ந்து, டிவி சீரியலில் இருந்து கண்ணை எடுக்காமல் உருட்டுகிற மணியை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் குறை சொல்ல முடியவில்லை. விரலுக்கு வயசாகவில்லை.

துணிக்கும் இங்கே பஞ்சமில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லை ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊரின் பிழைப்பு பஞ்சும் நூலும்தான். தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கிறார்கள். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. வெட்டுத்துணி சும்மா கிடைக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மெஷின் துடைக்கவும் மெக்கானிக் கடைக்கும் என்று அதற்கு ஒரு விலை உண்டு, மூட்டைக்காரர் எனக்காகக் குறைக்கமாட்டார். கழிவு என்று நாம் நினைப்பதற்கெல்லாம் யாரோ ஒருவர் ஏற்கனவே விலை வைத்திருக்கிறார். நைட்டித் துணியின் பூப்போட்ட துண்டுகளைப் பழைய பொத்தான் மேல் இழுத்துக் கட்டித் தோடு செய்கிறேன், நன்றாகவே விற்கிறது. எனக்குப் பிடித்தது பேண்டேஜ் துணி. கண்ணு கண்ணாக நெய்தது, சாயத்தை அப்படியே குடிக்கும். மைதாப் பசையில் நனைத்து நாலு மடிப்பு ஒட்டி, கிண்ணத்தின் பின்பக்கம் படியவைத்துக் காயவிட்டால் தகடு மாதிரி நிற்கும். கத்தரியில் வெட்டலாம், ஊசியில் துளைக்கலாம். காதில் எடையே தெரியாது. கொஞ்சம் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால்தான் பசையைப் பூச்சி தின்னாது என்று புத்தகம் கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அது விஷம், தோலில் படுகிற நகைக்கு நான் சேர்ப்பதில்லை. இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுவேன்.

இனி காசுக் கதை. என் காகிதத் தோடு ஜோடி 120 ரூபாய். “பேப்பர்தானே, இதுக்கா நூத்தியிருபது?” என்கிறார்கள். அதே மதினி போன வாரம்தான் ரத வீதி நகைக்கடையில் செய்கூலிக்கு இத்தனை சதவீதம், சேதாரத்துக்கு இத்தனை சதவீதம் என்று கொடுத்துவிட்டு, கடைக்காரர் தந்த மஞ்சப்பையைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். வேலை செய்யும்போது உதிர்ந்து போனதாகச் சொல்லப்படும் பொன்னுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம், ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்னிடம் சேதாரமே கிடையாது. மற்றவர்களின் சேதாரம்தான் என் கச்சாப்பொருள். நான் கேட்பது செய்கூலி மட்டும். அந்தச் செய்கூலிதான் பலருக்குக் கண்ணை உறுத்துகிறது.

இதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. 120 ரூபாய்த் தோட்டை அவசரத்துக்கு அடகு வைக்க முடியாது. மகளுக்குச் சீராகக் கொடுக்க முடியாது. நகை என்பது வங்கிக் கணக்காகிப்போன ஊரில் இது நகையே இல்லை என்பது நியாயமான வாதம்தான். என் எதிர்வாதம் ஒன்றே ஒன்று. அடகு வைக்க முடியாத நகையை யாரும் உங்களிடமிருந்து கேட்கவும் மாட்டார்கள். தொலைந்தால் வீட்டில் சண்டை வராது. ராத்திரி பஸ்ஸில் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூட வேண்டாம். ஆசைக்குப் போட்டோம், அலுத்தால் கழற்றினோம் என்று ஒரு பெண் தன் கழுத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடிகிற இடம் இந்த மலிவு நகைதான். பாசிமாலை விற்கும் நரிக்குறவர் பெண்களின் கழுத்தைப் பாருங்கள். விற்கிறதை விட நல்லதைத் தாங்கள் போட்டிருப்பார்கள். அந்தத் தெனாவெட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெரிய கலைஞர்களும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ஆனி ஆல்பர்ஸ் என்ற நெசவுக் கலைஞர், ஜெர்மனியின் பவ்ஹவுஸ் பள்ளியில் இருந்தவர், நாஜிகள் வந்ததும் அமெரிக்கா போனார். மெக்சிகோவில் மோந்தே அல்பான் புதையலில் கிடைத்த பழங்கால நகைகளைப் பார்த்தார். பொன்னையும் சிப்பியையும் ஒன்றாகக் கோத்திருந்த துணிச்சல் அவரைப் பிடித்துக்கொண்டது. 1940 வாக்கில் தன் மாணவர் அலெக்ஸ் ரீடுடன் சேர்ந்து ஹார்டுவேர் கடைச் சாமானில் நகை செய்ய உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடை மூடி பதக்கம், அதைச் சுற்றிப் பேப்பர் கிளிப் தொங்கட்டான், சங்கிலி குளியலறையில் அடைப்பானைக் கட்டுகிற சங்கிலி. 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கைவினை நகைக் கண்காட்சியில் இவர்களுடைய நகைகளும் இருந்தன. அதே கண்காட்சியில் அலெக்சாண்டர் கால்டரும் இருந்தார். பித்தளைக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, உடைந்த பீங்கானையும் கண்ணாடியையும் அதில் கட்டி நகை செய்தவர். சல்லடை மூடிப் பதக்கத்தின் படத்தைப் பார்த்தபோது எங்கள் வீட்டுச் சிங்கைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. மூடியைக் காணோம் என்று வீட்டில் தேடுகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

எதை வேண்டுமானாலும் கழுத்தில் மாட்டலாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கம்ப்யூட்டர் போர்டை வெட்டிக் கம்மல் செய்வது இன்ஸ்டாகிராமில் அழகாகத்தான் இருக்கிறது. பழைய போர்டுகளில் பற்றவைத்த ஈயக்கலவை அப்படியே இருக்கும். அதை அரம் போட்டு உரசினால் தூசி உங்கள் மூக்குக்கும், தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்கும் போகும். நான் தொடுவதில்லை. ரெசின் இன்னொரு விவகாரம். ஓவியத்தின்மேல் கண்ணாடி ஊற்றினாற்போல் பளபளக்கும், விற்பனையும் ஜோராக நடக்கும். ஆனால் அது புது பிளாஸ்டிக். வெறும் கையால் தொட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும், நம்ம ஊர் வெயிலில் நாளாக நாளாக மஞ்சளாகும். ஒரு துண்டு பழைய காகிதத்தை ஒரு கரண்டி ரெசினுக்குள் புதைத்துவிட்டு ‘மறுசுழற்சி நகை’ என்று சீட்டு ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஒப்புகிறவர்கள் செய்யட்டும், கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

காசு போட்டே ஆக வேண்டிய ஒரு சாமான் கொக்கி. மட்டமான கொக்கியில் நிக்கல் இருக்கும், காது அரித்துச் சீழ் வைக்கும். தோடு காகிதமாக இருக்கலாம், காதுக்குள் போகிற கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ வெள்ளியாகவோ இருக்கட்டும். என் 120 ரூபாயில் கணிசமான பங்கு அதற்குத்தான் போகிறது.

கடைசியாக, சொந்தப் படத்தில் பதக்கம் செய்வது பற்றி. நான் பெரும்பாலும் இந்த ஊரையே வரைகிறேன். மேற்கே மலைத்தொடர், சப்பட்டை மாங்காய், காது மடிந்த வெள்ளை ராஜபாளையம் நாய் (இதற்குத்தான் கிராக்கி அதிகம், சென்னையில் இருக்கும் ஊர்க்காரர்கள் வாங்குகிறார்கள்). பால்கோவா வாங்கிவந்த அட்டைப் பெட்டியை மூன்று அடுக்காக ஒட்டி, புத்தகத்துக்கு அடியில் ராத்திரி முழுக்க அழுத்தி வைத்து, வட்டமாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்தால் மரத்துண்டு போலக் கெட்டிப்படும். அதன்மேல் படம், படத்தின்மேல் வார்னிஷ்.

சமீபத்தில் ஒரு பெண் தன் அம்மாவின் கோல நோட்டைக் கொண்டுவந்தார். கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு, பால்பாயிண்ட் பேனாவில் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘15 புள்ளி, நேர், 3 வரிசை’ என்று சின்ன எழுத்தில் குறிப்பு. மார்கழி தோறும் அதைப் பார்த்துத்தான் அம்மா வாசலில் போடுவாராம். இப்போது அம்மா இல்லை. ஒரு பக்கத்தை வெட்டிப் பதக்கமாக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

அசலை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நோட்டு நோட்டாகவே இருக்கட்டும், மகளின் மகள் அதைப் பார்த்துக் கோலம் போட வேண்டும். நகல் எடுத்து, சுருக்கி, அதில்தான் செய்தேன். ஓரத்துக் குறிப்பையும் சேர்த்தே சுருக்கினேன். கோலத்தைவிட அந்தக் கையெழுத்துதான் அவருக்கு வேண்டியிருந்தது. நீங்களும் இப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால் நகல் எடுக்கும் கடையில் லேசர் மெஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் என்றால் வார்னிஷ் பட்டதும் மை கலைந்து நீலமாகப் பரவும். லேசர் நகலையும் எடுத்தவுடன் ஒட்டாதீர்கள், ஒரு நாள் ஆறவிடுங்கள். முதல் கை வார்னிஷ் மெலிசாக, ஒரே திசையில். அது நன்றாகக் காய்ந்தபிறகு இரண்டாவது கை.